அண்டை நாட்டுக்காரி

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து மண்ணூருக்கு வந்த பிறகுதான் நான் அண்டை நாட்டுக்காரி ஆனேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பத்திரிகைகள் இந்தியாவை அயல்நாடு என்று எழுதும். இந்தியப் படை எங்கள் ஒழுங்கைச் சந்துகளில் நின்ற காலத்தில் அந்தச் சொல்லைப் பயத்தோடு வாசித்தோம். இங்கே பத்திரிகையை விரித்தால், அண்டை நாடு என்று கிடப்பது என் வீடு. எங்கள் சாவு உள்பக்கத்தில் நாலு வரி.

இந்த மே மாதம் அது மாறியது. ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்து, இந்தியாவின் முன்னாள் பிரதமரும் பக்கத்தில் நின்றவர்களும் இறந்துபோனார்கள். பிறகு முதல் பக்கம் முழுக்க நாங்கள்தான். கொன்றவர்களுக்கும், படகேறி உயிர் தப்பி வந்த எங்களுக்கும் அங்கே ஒரே பெயர்: இலங்கைத் தமிழர். அகதிகளென்று போலீஸில் முறையாகப் பதிந்திருந்தோம். ஆனாலும் தெருவில் இறங்கப் பயமாக இருந்தது.

"யாரு கேட்டாலும் நாகர்கோயில்னு சொல்லிடு. உன் பேச்சும் அப்டித்தான் கீது" என்றார் வீட்டுக்காரக் கன்னியம்மா அக்கா. கேட்டவர்களிடம் அவரே அப்படிச் சொல்லியும் வைத்தார்.

அதை நம்பி ஒருத்தி வந்தாள். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் செல்வி, உண்மையான நாகர்கோயில்காரி. நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்திருந்தாள்.

"எக்கா, நம்ம ஊருக்காரி ஒருத்தி இருக்கான்னு கேட்டதும் ஓடி வந்துட்டேன். இங்கன யாருகிட்டப் பேசினாலும் சிரிக்காவ."

எந்தத் தெரு என்று கேட்டாள். சிறுவயதிலேயே வந்துவிட்டதாகச் சொன்னேன். அவள் கடலையும் அம்மாவையும் பற்றிப் பேசப் பேச எனக்கும் அழுகை வந்தது. அவள் அதை ஊர் நினைப்பு என்று எடுத்துக்கொண்டாள். அதுவும் பொய்யில்லை.

"பேப்பர் பாத்தியளா? அந்தச் சிலோன்காரங்க ஒருத்தனையும் இங்க விடப்பிடாது. என்னக்கா?"

"ஓம்" என்றேன்.

'ஆமா' என்று சொல்லியிருக்க வேண்டும்; வாய் தானாக எங்கள் ஊர்ச் சொல்லைச் சொல்லிவிட்டது. என் சனத்துக்கு எதிராகத் தலையாட்டினேன். அதையும் என் சனத்தின் சொல்லாலேயே செய்தேன். செல்வி என்னை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

"பேப்பர்ல போட்டதத்தான்க்கா சொன்னேன்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனாள்.

இதுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குழாயடியில் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். குனிய வேண்டியவள் நான்.

செல்வி வந்துபோன அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவர், வறுவலைப் பார்த்துவிட்டு, "ஆர் வந்தது?" என்று கேட்டார்.

"ஊர்ப் பிள்ளை ஒண்டு."

"எந்த ஊர்?"

சைக்கிளைப் பிடித்தபடி, பதிலுக்காக அவர் வாசலிலேயே நின்றார்.