ஈரமணலில் உட்காரவைப்பவள்

எங்கள் ஸ்கூட்டர் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு சுமிராவைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைவர் குந்தோரோ கேட்டார். அவளைப் பிடித்தவர் யாராவது எழுதட்டுமே என்றேன். ஒரு வாரம் ஊரெல்லாம் தேடிவிட்டு, அப்படி யாரும் அகப்படவில்லை என்று திரும்பி வந்தார். ஆகவே நான் எழுதுகிறேன். ஏழு வருடம் அவளுக்குப் புருஷனாக இருந்தேன். விவாகரத்தாகிப் பதினெட்டு வருடமாகிறது. எனக்கு அவளைப் பிடிக்காது, அவளுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

கிழக்கு ஜாவாவில் மலாங் நகரை அடுத்த சிங்கோசாரி சந்தைக்குப் பின்னால், பக்சோ வண்டிக்காரன் இறைச்சி உருண்டைகளைக் கொதிக்கவிடும் மூலையில், ஸ்கூட்டர் இருக்கை செய்யும் அவள் கடை. பெயர்ப்பலகை கிடையாது. கதவில் சுண்ணாம்பால் ஒரு வரி மட்டும் எழுதி வைத்திருக்கிறாள்: ‘மெத்தென்று வேண்டுபவர்கள் மெத்தைக் கடைக்குப் போகவும்.’ வியாபாரம் செய்கிறவள் எழுதுகிற வாசகமா இது? ஆனாலும் பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவன் எவனும் தூரப் பயணம் கிளம்புவதற்கு முன் அந்தக் கதவைத் தட்டாமல் போவதில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

அவள் அப்பா தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். இஸ்திரி போட்ட சட்டையோடுதான் தூங்குவார் என்று நினைக்கிறேன். அவர் பேச்சை மீறிப் பதினேழு வயதில் ஒரு பஸ் கம்பெனியின் சீட்டுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆண்கள் தைத்தார்கள். இவளுக்குக் கிடைத்த வேலை, பழைய உறைகளைக் கிழித்துப் போடுவது. மூன்று வருடம் கிழித்தாள். டிரைவர் சீட்டில் துணி எங்கே தேய்ந்திருக்கிறது, பஞ்சு எங்கே செத்துப் போயிருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே, அதில் உட்கார்ந்தவன் எந்தத் தொடையில் சாய்வான் என்பதைச் சொல்லப் பழகிவிட்டாள். இவ்வளவையும் பாராட்டாகச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுந்து போன நாற்காலியைப் பார்த்தே நான் எங்கே பொய் சொன்னேன் என்று கண்டுபிடித்தவள் அவள்.

எங்கள் கல்யாணம் 1990-இல் நடந்தது. சங்கம் ஆரம்பித்ததும் அதே வருடம்தான். என் வண்டி எழுபத்தாறாம் வருடத்து வெஸ்பா, வெளிர்பச்சை. சங்கத்தின் முதல் பெரும் பயணம் மேற்கே தொலைவிலுள்ள பாண்டுங் வரை என்று முடிவானபோது, கல்யாணமாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. எனக்கு ஒரு இருக்கை செய்து தருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். அப்போது அவள் என்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் செய்முறை இதுதான். ஒரு மரப்பெட்டியில் ஆற்றுமணலும் களிமண்ணும் கலந்து ஈரமாக நிரப்பியிருப்பாள். ஸ்கூட்டர் உயரத்துக்குத் தாங்கிகள் மேல் அந்தப் பெட்டி இருக்கும். முன்னால் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு ஹேண்டில்பார். மணல்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஒரு கிராம்பு சிகரெட் எரிந்து முடியும்வரை நம்மை அதில் உட்காரவைப்பாள். எழுந்ததும் மணலில் இரண்டு குழிகள் இருக்கும். உட்காரும் எலும்புகள் இரண்டும் பதிந்த இடம். அதைச் செய்தித்தாளில் வரைந்துகொண்டு, அதன்படி ரப்பர் நுரையைச் செதுக்குவாள். எலும்பு படும் இடத்தில் கெட்டி, நடுவில் ஒரு வாய்க்கால், தொடை இறங்கும் ஓரங்களில் சரிவு. தையல் எதுவும் எலும்புக்கு அடியில் வராது.

முதல் தடவை அந்தப் பெட்டியில் நான் ஏறி உட்கார்ந்தபோது எதிரே நாற்காலியில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். தேநீர் குடித்துக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு.

புது இருக்கையோடு கிளம்பினேன். ங்கான்ஜுக் ஊரைத் தாண்டுவதற்குள் இடதுகால் மரத்துப்போயிற்று. வண்டியை நிறுத்த முடியாமல் சாலையோர வாய்க்காலில் விழுந்தேன். வெங்காய லாரி ஒன்றில் என்னையும் வண்டியையும் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். உடம்பெல்லாம் வெங்காய நாற்றத்தோடு வந்து இறங்கினேன்.

அந்த மாதக் கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் என்ன செய்வேன்? “சிரிங்கடா. என் பொண்டாட்டி செஞ்ச சீட்டுல உங்கள ஒக்கார வச்சா தெரியும்” என்றேன். சிரிப்பு என்மேலிருந்து அவள்மேல் தாவியது. சுகமாக இருந்தது. அடுத்த வருடக் கூட்டத்திலும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வருடம் கையும் காலும் வைத்துச் சொன்னேன். ‘சுமிரா சீட்டு’ என்பது சங்கத்தில் வழக்கச் சொல்லாகிவிட்டது. சோறு வேகாவிட்டாலும் சுமிரா சீட்டு, மழையில் குடை கிழிந்தாலும் சுமிரா சீட்டு. அவள் பட்டறை வேலையிலிருந்து நின்று, தனியாகத் தொழில் தொடங்கி, ஆள் வராமல் உட்கார்ந்திருந்த வருடங்கள் அவை. ஏழாம் வருடம் குடும்பத்தோடு நடந்த விழாவில், அவளும் எங்கள் மகள் வெனிங்கும் முன்வரிசையில் இருக்க, மைக்கைப் பிடித்து அதே கதையைச் சொன்னேன். மறுநாள் காலையில் தையல் மெஷினைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். வாசலில் நின்று, “நீ நல்லா இருக்கமாட்ட” என்றாள். அந்த ‘நீ’ அன்று ஆரம்பித்தது.

இனி 2015-க்கு வருகிறேன். வெனிங் கிழக்கே சும்பாவா தீவின் கோடியிலுள்ள பீமாவில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அந்த ஊர்ப் பையனையே கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றாள். கல்யாணப் பரிசாக என் பச்சை வெஸ்பாவைக் கேட்டாள். நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

“வேணாம்ப்பா. வண்டிய லாரில போட்டுடு, நீ பஸ்ல வா. பாதி வழியில வெங்காய லாரில ஏத்திடுவாங்கன்னு அம்மா சொல்றாங்க.”

அவ்வளவுதான். அன்று மாலையே சங்கத்தில் போய், பீமாவரை ஸ்கூட்டரில்தான் போகிறேன், இல்லாவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சபதம் போட்டேன். குந்தோரோ உட்பட நால்வர் உடன் வருவதாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, முதுகில் ஒரு வட்டு நழுவியிருந்தது. நான்கு தீவு, மூன்று கப்பல், ஆயிரம் கிலோமீட்டர். எங்கள் முஸ்லிம் வழக்கப்படி பெண்ணை அப்பாதான் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அங்கே இல்லையென்றால், அப்பா ஸ்தானத்தில் பதிவு அலுவலக ஆள் ஒருவன் உட்கார்ந்து என் மகளைக் கொடுப்பான்.

மலாங்கில் இரண்டு பேரிடம் இருக்கை செய்து பார்த்தேன். ஒருவன் பஞ்சணை போலச் செய்தான், இன்னொருவன் காற்றடைத்த பை வைத்தான். இரண்டிலும் அறுபது கிலோமீட்டரில் கால் செத்தது. வேறு வழியில்லாமல் சுண்ணாம்பு எழுதிய கதவைத் தட்டினேன்.

“யாரு? ஓ, வெனிங்கோட அப்பாவா? வெங்காயம் விக்க வந்தியா?”

“சீட்டு வேணும்.”

“கேலி பண்றதுக்கு ஒண்ணு தீந்துபோச்சா, புதுசா ஒண்ணு வேணுமா?”

“பொண்ணு கல்யாணம் சுமிரா. உனக்கும் பொண்ணுதான்.”

“அதனாலதான் உன்ன வாசலோட அனுப்பாம இருக்கேன். ஏறு.”

பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். சிகரெட்டைப் பற்றவைத்து மேஜை ஓரத்தில் வைத்தாள். பிறகு ஆரம்பித்தாள். என் தொப்பை, என் வழுக்கை, என் சம்பளம், என் அம்மாவின் சமையல், ஒரு மாதத்தில் என்னை விட்டுப்போன என் இரண்டாவது சம்சாரம், எதையும் விடவில்லை. வாடிக்கைக்காரர்களை இப்படித்தான் திட்டுவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அழுதுவிட்டாராம். கேட்டது வேறு, பட்டது வேறு.

“வெனிங் பொறந்தப்ப நீ எங்க இருந்த? ஸ்கூட்டர தொடச்சிக்கிட்டு இருந்த. உனக்குப் புள்ள இல்ல, பச்சைக் கலர் தகரம்தான் புள்ள.”

“வாய மூடுடி! நான் ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னேன். உங்கப்பன்தான் உள்ள விடல!”

ஹேண்டில்பாரைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினேன். கால் அகன்றிருந்தது, முதுகு வளைந்திருந்தது, தொப்பை முன்னால் கிடந்தது. அவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

“போதும். எறங்கு.”

குழிகளைச் செய்தித்தாளில் வரைந்தாள். பிறகு ஏணி போட்டு ஏறி, பரணிலிருந்து மஞ்சளித்த ஒரு தாளை எடுத்து வந்தாள். மேலே என் பெயர், 1990. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். புதுத் தாளில் இரண்டு வட்டங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி, பின்பக்கமாக. பழையதில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, தாளின் முன்விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

“ரெண்டும் உன்னுதுதான். எது பொய்?”

பழைய தாளைக் கையில் எடுத்தேன். மாமனார் எதிரே இருக்கும்போது ஜாவாவில் எந்த மாப்பிள்ளை நாற்காலி முழுக்க உட்காருவான்? முட்டியை ஒட்டி, முதுகை நிமிர்த்தி, நுனியில் தொற்றிக்கொண்டல்லவா உட்காருவோம். அன்று நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். மரியாதையாக உட்கார்ந்தவனுக்கு அவள் இருக்கை செய்தாள். ங்கான்ஜுக் சாலையில் மரியாதை எங்கே இருந்தது?

“எனக்கும் அப்ப தெரியல,” என்றாள். “நீ விழுந்து வந்தப்புறம் இந்தத் தாள ராத்திரியெல்லாம் பாத்துத்தான் புரிஞ்சுது. ஒழுங்கா ஒக்கார்ற ஜனங்களுக்கு சீட்டு செய்ய முடியாது. கோவம் வந்தாத்தான் மனுஷன் தன் எலும்புல ஒக்கார்றான். அதுலேருந்துதான் எல்லாரையும் திட்டறேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“மைக் உன் கையிலல்ல இருந்துச்சு.”

நான்கு நாள் கழித்து இருக்கையை வாங்கிக்கொண்டேன். தொட்டால் பலகை போல இருந்தது. இவள் என்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். “மெத்துன்னு இருந்தா மொத இருபது கிலோமீட்டர்தான் சொகம். அப்புறம் எலும்பு பஞ்சத் தாண்டி தகரத்துல ஒக்காரும். போ, போய்ப் பாரு” என்றாள்.

போய்ப் பார்த்தேன். பாசுருவான், சிதுபோண்டோ, பாலுரான் காடு, பிறகு கப்பல். பாலியில் நாளெல்லாம் மழை. லொம்போக்கில் குந்தோரோவுக்கு கிளட்ச் கம்பி அறுந்து அரைநாள் போயிற்று. சும்பாவாவின் மேடு பள்ளத்தில் ஒரே நாளில் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டினோம். என் இடதுகால் ஒருமுறைகூட மரக்கவில்லை. கூட வந்தவர்கள் நிறுத்தின இடமெல்லாம் இறங்கி நின்று பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டார்கள். நான் வண்டியிலேயே உட்கார்ந்து காபி குடித்தேன். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. இருபத்தைந்து வருடம் நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் எனக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

வியாழன் மாலை பீமாவில் இறங்கினோம். பஸ்ஸில் முன்னாடியே வந்திருந்த சுமிரா வாசலில் நின்று நான் இறங்குவதைப் பார்த்தாள். நொண்டுகிறேனா என்று பார்த்தாள். நொண்டவில்லை. உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கல்யாணம். பதிவாளர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். அத்தனை நேரமும் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் எதிரே மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதைப் பிசகாமல் சொல்லி, என் மகளைக் கொடுத்தேன். கல்யாணம் செல்லும் என்று சாட்சிகள் சொன்னார்கள். வெனிங் அப்பா அம்மா இருவர் காலிலும் விழுந்து ஆசி வாங்க வேண்டும், அந்தப் பக்கச் சோபாவுக்கு வாருங்கள் என்றார்கள். எழப் பார்த்தேன். எழ முடியவில்லை. இடதுகால் செத்துக் கிடந்தது. ஆயிரம் கிலோமீட்டரில் வராதது ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது.

சபையில் சலசலப்பு. இருவர் என்னைத் தூக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. நாற்காலி கொண்டுவந்தவனைக் கூப்பிட்டு எல்லார் எதிரிலும் கத்தினார்.

“என்ன நாற்காலிய்யா கொண்டு வந்திருக்க? சம்பந்தி எழுந்திரிக்கவே முடியல பாரு! ஆளப் பாத்து ஒழுங்கா போடத் தெரியாது?”

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டான். பெண்கள் வரிசையிலிருந்து சுமிரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் போதும், சிரிப்பும் கோபமும் அவன்மேல் போய்விடும். எனக்கு அது பழகின வேலைதான்.

“நாற்காலி மேல தப்பில்லைங்க,” என்றேன். “நான்தான் நுனியில ஒக்காந்திருந்தேன்.”

சித்தப்பா அடங்கினார். சுமிரா அடங்கவில்லை. வரிசையை விட்டு முன்னால் வந்தாள். குந்தோரோவும் மற்ற மூவரும் அங்கேதான் இருந்தார்கள்.

“எந்த நாற்காலிய சொல்ற?”

“சுமிரா, கல்யாண வீடு.”

“விழாவுல மைக்கப் பிடிச்சுச் சொன்னப்ப அது யாரு வீடு? எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லு.”

வெனிங் கல்யாண உடையோடு நின்று என்னைப் பார்த்தாள். அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பிள்ளை அவள். மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்து நின்று சொன்னேன். அன்று கல்யாணத்துக்கு வராத சங்கத்துக்காரர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

1990-இல் சுமிரா எனக்குச் செய்து தந்த இருக்கையில் எந்தக் கோளாறும் இல்லை. மாமனார் எதிரே நான் பொய்யாக உட்கார்ந்தேன். விழுந்தது நான், பழியை அவள்மேல் போட்டேன், ஏழு வருடம் போட்டேன்.

நான் சொல்லி முடித்தேன். அவள் என் பக்கத்தில் வந்து, கையைப் பிடிக்காமல், சட்டைக் காலரைப் பிடித்துச் சோபாவரை இழுத்துக்கொண்டு போய்த் தள்ளினாள்.

“நல்லா பின்னால சாஞ்சு ஒக்காரு,” என்றாள். “பொண்ணு கால்ல விழப்போறா.”