ஓடாதவர்களுக்கு ஒரு சுவர்

வீரகத்தி மேசனிடம் கணக்குக் கேட்டால் வீடு பாதியாகச் சுருங்கிவிடும் என்று வன்னியின் ஒட்டுசுட்டானில் ஒரு பகிடி இருந்தது. மற்ற மேசன்மார் வேலையைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். இந்த மனுசன் குறைத்துக்கொண்டே போவார். "சுவர் இடுப்பளவுக்குக் காணும். மேல ஓலைக் கிடுகைக் கட்டுங்கோ. காசைக் கதவிலயும் கூரைத் தகரத்திலயும் போடுங்கோ. சண்டை வந்து ஓட வெளிக்கிட்டா அதுகளைக் கழட்டி வண்டில்ல ஏத்தலாம், சுவரை ஏத்தேலாது" என்பார்.

சூடு கண்ட பூனை அவர். கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் தனக்கென்று கட்டிய வீட்டுக்குச் சீமெந்து பூசி, வாசற்படிக்குச் சிவப்புச் சாயமும் போட்டிருந்தார். தொண்ணூற்றாறில் இராணுவம் முன்னேறி வர, சனத்தோடு சனமாக ஓடி வந்தபோது அதை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு யாருடைய காசும் சுவராக நின்று வீணாவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தொண்ணூற்றெட்டுப் பங்குனியில் கமலாசனி அவரைக் கூப்பிட்டாள். அவளும் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தவள்தான். புருசன் இளையதம்பிக்கு ஷெல் துண்டு முதுகெலும்பில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பிள்ளைகளும் இல்லை. இருந்த சங்கிலியை விற்று ஓர் அறை கட்ட நினைத்தாள். வீரகத்தி பத்தடிக்குப் பத்தடி கயிறு பிடித்துப் பார்த்தார்.

"சீமெந்தை மறவுங்கோ. அரசாங்கம் சீமெந்தை உள்ள விடாத இந்தத் தடைக்குள்ள ஒரு பை வாங்கிற காசுக்கு ஒரு மாடே வாங்கலாம். கல்லை வைச்சுக் கட்டப் புற்றுமண் காட்டில கிடக்கு, வண்டில் கூலி மட்டுந்தான். இடுப்பளவுக்கு ஆயிரத்து இருநூறு செங்கல்லுக் காணும் தங்கச்சி."

"கூரை மட்டுக்கும் எழுப்பினா எத்தினை வேணும் அண்ணை?"

"மூவாயிரத்துக்குக் கிட்ட. அகலக்கால் வைக்காதேங்கோ. நாளைக்கு ஓட வேண்டி வந்தா?"

"நாங்கள் ஓடமாட்டம்." இளையதம்பி கிடந்த கட்டில் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "போன முறை இவரை வண்டில்ல போட்டுக்கொண்டு வந்தனான். முதுகு முழுக்கப் புண். வழி நெடுக, என்னை விட்டிட்டுப் போ எண்டு கெஞ்சினவர். இனி இவரைத் தூக்கேலாது. விட்டிட்டும் போகமாட்டன். ஷெல் துண்டைத் தாங்கிற சுவராக் கட்டித் தாங்கோ."

வீரகத்தி இத்தனை காலமும் ஓடப்போகிறவர்களுக்கே கணக்குப் போட்டவர். இருக்கப்போகிறவர்களுக்கு எப்படிப் போடுவது என்று தெரியாமல் மறுபடி கயிற்றை எடுத்தார். முன்பக்க யன்னலைக் கணக்கிலிருந்து தூக்கினார். கட்டில் கிடக்கும் பக்கத்துக்கு இரட்டைத் தடிப்பு வைத்தார். கல் நாலாயிரத்தைத் தொட்டது. அவளிடம் இருந்த காசு கல்லோடு சரி.

"என்ர கூலியைப் பிறகு பாப்பம்" என்றார்.

சுவர் இடுப்பளவுக்கு எழும்பிய கிழமை இளையதம்பிக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கைப் புண் உள்ளே புரையோடியிருந்தது. மருந்துக்கும் தடை இருந்த காலம். அந்தக் கிழமை முடியுமுன்னே மனுசன் போய்விட்டார்.

எட்டுச் செலவுச் சடங்கு கழிந்ததும் வீரகத்தி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் புற்றுமண்ணைக் குழைத்தார். சொன்னபடி கட்டிக் கொடுத்தே தீருவது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். கமலாசனி வந்து பக்கத்தில் நின்றாள்.

"காணும் அண்ணை. இதோட நிப்பாட்டுங்கோ. மிச்சக் கல்லைச் சூளைக்காரர் திருப்பி எடுப்பினமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

"கூரை மட்டுக்கும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது அவருக்கு. எனக்கு இந்தளவு காணும். இனி என்னால ஓடேலும்."

ஊருக்கெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த கணக்குத்தான் அது. அதில் ஒரு பிழையும் இல்லை. வீரகத்தி மண் பூசும் சாந்தகப்பையைக் கீழே வைத்துவிட்டு, குழைத்த மண்ணுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதார்.