இனி எனக்கு மட்டன் ரோல்ஸ் கிடையாதாம்

இதயக் குழாயில் ஒரு அடைப்பு என்று இன்று கண்டியில் டொக்டர் சொன்னார். வியாழக்கிழமை அஞ்சியோகிராம். தேவைப்பட்டால் அப்போதே ஸ்டென்ட்.

வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பஸ்ஸில் சந்தித்த மச்சினனிடம் மட்டும் சொல்லி, "அக்காகிட்ட மூச்சு விட்டுடாத" என்றேன். வம்பளப்பதில் அவன் என் சிஷ்யன் என்பதை மறந்துவிட்டேன்.

கெலிஓயாவில் இறங்கி, வழக்கமான பேக்கரியில் ஒரு மட்டன் ரோல்ஸ் கேட்டேன். நஸீர் நானா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒங்களுக்கு இனி இது இல்ல சேர். மிஸ்ஸிஸ் இப்பதான் கோல் எடுத்தாங்க."

நெஞ்சு படபடவென்று அடித்தது. டொக்டர் சொன்னபோதுகூட இப்படி அடிக்கவில்லை.

நானா தன் மணிக்கட்டைக் காட்டினார். "எனக்கும் இதாலதான் வயர் விட்டாங்க. உள்ளுக்கு பலூன ஊதி, கொழாய விரிச்சு, சின்ன ஸ்பிரிங் ஒண்டு வெச்சாங்க. முழிச்சிட்டுதான் இருந்தேன்."

"பயமா இருக்கலயா நானா?"

"மவுத்தாகிட்டேன், உசிரு போயிட்டுதுன்னே நெனச்சேன்!"

மனைவி என்னை அழைக்கவே இல்லை. ஒரு மெசேஜ் மட்டும்: "பிளேன்டீ ஊத்தி வெச்சிருக்கேன். சீனி போடல. வாங்க."

வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுதான் இதை எழுதுகிறேன். ஸ்டென்ட் வைத்துக்கொண்ட அனுபவசாலிகளே, வயர் உள்ளே போவது கஷ்டமா, நான் உள்ளே போவது கஷ்டமா?