கத்துக்குட்டிக்குக் கைவேலைக் கித்தார்

வாத்தியக் கடையில் வேலை பார்ப்பவனுக்குச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். துணிக்கடையிலோ செருப்புக்கடையிலோ முகப்பில் நின்று காலம் தள்ளிய என் இனத்தாரே, உங்களுக்கும் இந்தப் பாடு தெரியும். ஆனால் வேட்டியை விரித்துப் பார்ப்பவர் சத்தம் போடுவதில்லை. என்னிடம் வருகிறவரோ கித்தாரைக் கையில் வாங்கியதும் 'டொய்ங்' என்று ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, எப்படி என்று என் முகத்தைப் பார்ப்பார்.

முப்பதுகளின் தொடக்கம். பினாங்கில் சூலியா தெருவை ஒட்டிய சந்தில் எங்கள் கடை. கிராமபோன் தட்டும் மலாய்க்காரர்களின் பங்சாவான் பாட்டு நாடகமும் பரவி, வீட்டுக்கு ஒருவருக்காவது கித்தார் ஆசை பிடித்திருந்த காலம். முதலாளி மிஸ்டர் ரொசாரியோ, புலாவ் தீக்கூஸ் பக்கத்து யுரேஷியர். கடையின் முன்பக்கம் கப்பலில் வந்த கித்தார்கள் கயிற்றில் தொங்கும். பின்பக்கம் அவரே கைக்கு அளவெடுத்து, மரம் இழைத்துக் கித்தார் செய்வார். ஒன்று முடிய மாதக்கணக்காகும். கப்பல் கித்தார் நம் ஊர் ஈரக்காற்றில் பசை விட்டுப் பிளந்துகொள்ளும், அவர் செய்தது பிளக்காது என்று ஊரில் பேச்சு. அதனால் கம்பியைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட எடுத்த எடுப்பில் கைவேலைதான் வேண்டும் என்பார்கள்.

யாருக்குச் செய்வது, யாருக்குக் கயிற்றில் தொங்குவதையே கொடுத்து அனுப்புவது என்று முடிவு செய்வது என் வேலை. "முன்னால நீ பாரு அந்தோணி, மரத்த நான் பாக்குறேன்" என்று ரொசாரியோ சொல்லிவிட்டார். தாம் செய்த கித்தார் வாசிக்கப்பட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியது. எனக்கு வேறொரு நமைச்சல். விற்ற கித்தார் வீட்டுக்குப் போய் என்ன ஆகிறது என்று தெரியாமல் சோறு இறங்காது. கல்யாணம், கோயில் திருநாள் என்று எந்தப் பக்கம் போனாலும் அந்த வீட்டில் ஒரு எட்டு தலையைக் காட்டிவிட்டுத்தான் வருவேன்.

*மடிப்பு*

சுங்கத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஒருவர் தம் மகளை அழைத்து வந்தார். பதினொரு வயதிருக்கும். பெண்ணுக்கு ஆசைதான், ஆனால் அதைவிட அப்பாவுக்கு ஆசை. நான் நாடாவை எடுத்து அவள் விரல்களை அளக்க ஆரம்பித்ததும் அவர் குனிந்து, தையற்காரரிடம் சொல்வது போலவே சொன்னார்: "கொஞ்சம் வளத்தி வெச்சே செய்யச் சொல்லுங்க தம்பி. கல்யாணம் வரைக்கும் வரணும்."

பாவாடை என்றால் கீழே மடிப்பு வைத்துத் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். கித்தாரில் அது நடக்காது, இப்போது கைக்குப் பெரிதாகச் செய்தால் பெண் இப்போது கற்க முடியாது, கைக்குச் சரியாகச் செய்தால் இரண்டு வருஷத்தில் சின்னதாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினேன். தொங்குவதில் சிறியது ஒன்றைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டார், ஆனால் மனசு ஆறவில்லை. வாசற்படி வரை போய்த் திரும்பி நின்று கேட்டார்: "மடிப்பு வைக்க முடியாத சாமானுக்கு எதுக்கு நாடாவும் கையுமா நிக்கிறீங்க?"

*சனிக்கிழமை*

கடலுக்கு அக்கரையில், பிறை ஊர் ரயில்வேயில் ஓர் இளைஞர் இருந்தார், ஜெயசீலன். கித்தார் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, வாசிப்பதைத் தவிர. எந்த மரத்துக்கு எந்த நாதம், எந்தப் பசை எத்தனை நாள் காயும் என்று என்னையே கேள்வி கேட்டு மடக்குவார். இவ்வளவு தெரிந்தவர் ஆரம்பக்காரராக இருக்க முடியாது என்று நினைத்து அளவெடுத்துவிட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அரைநாள் வேலை முடிந்ததும் பெர்ரி ஏறி வந்துவிடுவார். பின்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, மரம் வளைவதையும் பசை காய்வதையும் பார்த்துக்கொண்டிருப்பார். ரொசாரியோவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இழைத்த சீவலை முகர்ந்து பார்க்கக் கொடுப்பார். ஒருவழியாகக் கித்தார் முடிந்தது. எண்ணெய் பூசி, கம்பி கட்டி, கையில் கொடுத்தோம். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. கட்டை விரலால் ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, முக்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரொம்ப நல்லா இருக்குண்ணே. ஆனா இனிமே சனிக்கிழமை நான் எங்க போறது?"

*அடுத்த விஜயதசமி*

பாயான் லெப்பாஸில் தென்னந்தோப்பு வைத்திருந்த முத்தையா அண்ணன் வாங்கிய கித்தார்தான் ரொசாரியோவின் கைவேலையிலேயே அழகானது. அந்தப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு நான் போனபோது ரொசாரியோவும் கூட வந்தார். தம் கித்தாரின் குரல் எப்படிப் பழுத்திருக்கிறது என்று கேட்க அவருக்கு ஆவல்.

கித்தார் சாமியறையில் இருந்தது. சரஸ்வதி படத்துக்குக் கீழே, பட்டுத்துணி மேல், நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக. கழுத்தில் மல்லிகை. கம்பியெல்லாம் துரு. நடந்தது இதுதான். சரஸ்வதி பூஜைக்குக் கித்தாரைப் படைத்துவிட்டு, மறுநாள் விஜயதசமியில் பாடம் தொடங்குவதாக ஏற்பாடு. கற்றுத்தர இருந்தவர் நாடகக் குழுவோடு சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டார். விஜயதசமி போனால் அடுத்த விஜயதசமிதானே? அடுத்த வருஷம் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு. ஆக, கித்தார் பூஜையிலிருந்து இறங்கவே இல்லை.

எனக்குச் சிரிப்பு முட்டியது. ரொசாரியோவைப் பார்த்ததும் அடங்கிப்போயிற்று. துருப்பிடித்த கம்பியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். முத்தையா அண்ணனோ அவர் பக்தியில் உருகி நிற்கிறார் என்று எண்ணி, தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்: "வித்தைக்கு அவசரம் ஆகாது மிஸ்டர். நான் என்ன ஓடியா போறேன்லா?"

*தூக்குவதற்கு*

கடைக்குத் திரும்பியதும் ரொசாரியோ, "சூடா லா அந்தோணி, போதும். இனி கத்துக்குட்டிக்குச் செய்ய மாட்டேன். தொங்குறத வாங்கிப் படிக்கட்டும். அது தேஞ்சா வரட்டும்" என்று மலாயும் தமிழுமாகச் சொன்னார். இன்னும் ஒரு கித்தார் இப்படிப் போனால் அலமாரி செய்யப் போய்விடுவேன், அலமாரிக்கு யாரும் பாடம் படிக்க வேண்டாம் என்றும் சொன்னார். சொன்னால் செய்கிற மனிதர். அவர் உளியை அலமாரிக்குத் திருப்பினால் கித்தார் போய்விடும், என் வேலையும் போய்விடும்.

அந்தச் சட்டத்தோடு நான் முதலில் எதிர்கொண்டவர் மைதீன் பாய். போரியா கோஷ்டித் தலைவர். வருஷா வருஷம் ஒரு வேஷம் கட்டி, தெருத் தெருவாக ஆடிப்பாடிப் போகும் கூட்டம் அது. அந்த வருஷம் பச்சை அங்கி. அதற்குப் பொருத்தமாகப் பச்சைக் கித்தார், அதுவும் கைவேலை, வேண்டுமென்றார். வாசிப்பீர்களா என்று கேட்டேன். உண்மையைச் சொன்ன ஒரே வாடிக்கையாளர் அவர்தான். தொங்கியதில் இருப்பதிலேயே லேசானதை எடுத்துப் பச்சை அடித்துக் கொடுத்ததும் மகிழ்ந்து போனார். "வாசிக்கப் பின்னாடி பத்து பேர் வர்றாங்க தம்பி. நான் முன்னாடி போறவன், எனக்குத் தூக்க லேசா இருந்தாப் போதும்."

*இடுப்பு*

பிறகு அருளம்மா டீச்சர் வந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு ஆசிரியை, நாற்பது தாண்டியவர். கைவேலைக் கித்தார் வேண்டும் என்றார். வாசிக்கத் தெரியுமா என்றேன். தெரியாது. அப்படியானால் முதலில் தொங்குவதை வாங்கிப் படியுங்கள் என்று சட்டத்தைச் சொன்னேன். "கடையில தொங்குறது எதுவும் எனக்கு ஒத்து வரல தம்பி" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் இடக்கையை மேசை மேல் வைத்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டிருந்தன. சிறு வயதில் ரிக்‌ஷா சக்கரத்தில் மாட்டிய கையாம். அந்த விரல்களால் கம்பியை அழுத்த முடியவில்லை. கற்றுத்தருகிறவர்கள் இரண்டு பேர் கையைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கழுத்து ஒடுக்கமாக அளவெடுத்துச் செய்தால் எட்டும் என்பது அவர் கடைசி நம்பிக்கை. இங்கேயும் இல்லையென்றால் ஆசையை விட்டுவிடுவதாகத் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

ஆர்மோனியம் படிக்கலாமே, கித்தார் எதற்கு என்று கேட்டேன். "ஆம்பளைங்க யாரையாச்சும் இப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்றார். கேட்டதில்லை. பின்பக்கம் போய் ரொசாரியோவிடம் சொன்னேன். கத்துக்குட்டி என்ற சொல்லைக் கேட்டதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஆனால் கையைப் பற்றிச் சொன்னதும் துணியில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நாங்கள் வந்தபோது டீச்சர் ஒரு கித்தாரைக் கயிற்றிலிருந்து இறக்கி, சும்மா நிற்கப் பிடிக்காமல் வைத்திருந்தார். பிடிக்கத் தெரியாதவர் அல்லவா, குழந்தையை வைப்பது போல இடது இடுப்பில் வைத்திருந்தார். கித்தாரின் வயிறு இடப்பக்கம், கழுத்து வலப்பக்கம். நான் திருத்தப் போனேன். ரொசாரியோ என் கையைப் பிடித்துக்கொண்டார். "பியார் லா, விடு, விடு!" அழுத்துவதற்கு நல்ல வலக்கை, மீட்டுவதற்கு இடக்கையின் மிச்ச விரல்கள். அதே கித்தாரின் கம்பிகளை அவிழ்த்து, மேலது கீழாக மாற்றிக் கட்டி நீட்டினார். இதில் படியுங்கள், தேய்ந்தால் வாருங்கள் என்றார்.

டீச்சர் வாங்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. பீச்சாங்கையால் சரஸ்வதி காரியமா என்று கேட்கக்கூடிய ஊர் இது. அவர் கிறிஸ்தவ வேதக்காரர்தான், ஆனாலும் அந்தக் கூச்சத்துக்கு மதம் ஏது? நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் இடக்கை விரலால் ஒரு முறை மீட்டினார். பிறகு இன்னொரு முறை. எங்களைப் பார்க்காமல் கித்தாரிடம் சொல்வது போலச் சொன்னார்: "இடக்கையால எழுதுற பிள்ளைங்களை நான் அடிச்சுல்ல மாத்தியிருக்கேன்."

*நாடா*

அவர் வீட்டுப் பக்கம் போக எனக்குக் கால் துறுதுறுத்தது. ஆனால் போகவில்லை. அந்தக் கித்தாரும் ஒரு மூலையில் துருவேறிக் கிடந்தால் ரொசாரியோவுக்கு என்ன சொல்வது என்ற பயம். நான் போகாமல் அடக்கிக்கொண்ட ஒரே வீடு அதுதான்.

ஒரு நாள் அவரே வந்தார், கித்தாரோடு. உட்கார்ந்து இடுப்போடு அணைத்துக்கொண்டு வாசித்தார். வாசித்தது பாட்டுகூட இல்லை, வாய்ப்பாடு. ஈரெண்டு நாலு, மூவிரண்டு ஆறு. வகுப்பில் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்களே, அதற்குக் கூடவே கம்பியை மீட்டினார். அங்கங்கே விரல் தடுக்கியது. தடுக்கிய இடத்தில் நிறுத்தி, திரும்ப எடுத்து, பத்தாவது வரிவரை விடாமல் போனார். விரல் படும் இடத்திலெல்லாம் சாயம் போய் வெள்ளை மரம் தெரிந்தது. என் கண் நிறைந்துவிட்டது. முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளும் வித்தை அன்று கைகொடுக்கவில்லை.

ரொசாரியோ எப்போது வந்தார் என்று தெரியாது. கதவருகே பசைக் கையோடு நின்றிருந்தார். வாய்ப்பாடு முடிந்ததும் என் தோளில் கிடந்த நாடாவை உருவிக்கொண்டு, கோயிலில் மண்டியிடுவது போல டீச்சர் முன்னால் உட்கார்ந்தார். நல்ல மரம் ஒன்று எடுத்து வைத்திருப்பதாகவும், மற்ற வேலையெல்லாம் நிறுத்திவிட்டு இதைச் செய்வதாகவும் அரைத் தமிழில் கொட்டித் தீர்த்தார். "கை காட்டுங்க டீச்சர்" என்று கெஞ்சினார். முதலாளி ஒரு வாடிக்கையாளரிடம் கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான்.

டீச்சர் நாடாவைப் பார்த்தார், மடியிலிருந்த கித்தாரைப் பார்த்தார். ஆசை இல்லாமலில்லை, கண்ணில் தெரிந்தது. ஆனாலும் கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இப்ப வேணாம் மிஸ்டர். என் விரலுக்கு இதோட பேச்சு இப்பத்தான் புரியுது. நான் இன்னும் கத்துக்குட்டிதானே?"

ஆரம்பக்காரர் கைவேலைக் கித்தார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இன்றுவரை நான் சொல்லக்கூடியது, கடைக்காரன் வேண்டாம் என்றும் வாடிக்கையாளர் வேண்டும் என்றும் சொல்கிற நாளெல்லாம் வேண்டாம், கடைக்காரன் கெஞ்சி வாடிக்கையாளர் மறுக்கிற நாளில் தாராளமாக வாங்கலாம் என்பதுதான்.