தட்டில் தெளிந்த வளையம்

அன்று காலை கல்லூரிக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் கிருமி வளர்ப்புப் பெட்டியைத் திறந்தேன். ஆட்டு இரத்தம் கலந்து உறையவைத்த தட்டில், முந்தின நாள் பேச்சியம்மாள் தடவிவிட்ட பாக்டீரியா வளர்ந்திருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு கரைந்து, கண்ணாடிபோல் ஒரு வளையம். படம் எடுத்து அவருக்கு அனுப்பப் போகையில் அவர் தம்பி அழைத்தார்.

"டீச்சர், அக்கா போயிட்டாவ. நெஞ்சு வலிக்குன்னாவ. ஆஸ்பத்திரி போய்ச் சேரல."

நுண்ணுயிரியல் துறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி பேச்சியம்மாளுடையது. அந்தப் பாக்டீரியாவை அவர் எடுத்தது பசுவந்தனை ரோட்டு லாரிப் பட்டறையில், ஆயில் சொட்டி ஊறிய கரிசல் மண்ணிலிருந்து. "அழுக்க அள்ளுதீங்களே டீச்சர், தங்கம் கெடக்கா?" என்று பட்டறைக்காரர் சிரித்தார். "சோப்பு செய்யுத கிருமி கெடக்கு அண்ணாச்சி." "அப்பம் மொதக் கட்டி என் சட்டைக்கு."

அந்தக் கிருமி சுரக்கும் நுரைப்பொருள் எண்ணெயைப் பிரிப்பதுபோலவே, செல்லைப் போர்த்திய கொழுப்புச் சவ்வையும் கிழிக்கும்; இரத்தத் தட்டில் சிவப்பு கரைவது அதனால்தான். வெளியூர் ஆய்வகத்தில், கிண்ணத்தில் வளர்த்த புற்றுச் செல்கள் அதில் செத்தன. நான் துள்ளினேன். அவர் இரத்தத் தட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இந்த வளையத்தப் பாத்துத்தான நுரை இருக்குன்னு சந்தோசப்படுதோம்? இதே வளையம் ஒருத்தர் ரத்தத்துல விழுந்தா? களைக்கொல்லியப் புஞ்சை பூரா அடிச்சா உளுந்தும்தான் சாவும்."

நுரையை நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்து, புற்றுக் கட்டியில் மட்டும் உடையவைக்க வேண்டும். அவர் பாடுபட்டது அதற்குத்தான். அது முடியவில்லை.

ஆனால் அவரோடு பள்ளியில் படித்த மருந்துக்கடைக்காரர் ஒருவர், ஏதோ நுரைத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து 'கரிசல் மருந்து' என்று விற்றார். எப்போதும்வென்றான் ஊரில் ஒரு பெண் மார்புப் புற்றுக்கான ஆஸ்பத்திரி ஊசியை நிறுத்திவிட்டு அதைக் குடித்தாள். பேச்சியம்மாள் கடை வாசலில் நின்று கத்தினார்:

"ஏலே, இதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒனக்காவது தெரியுமால?"

"கோவப்படாத பேச்சி. ஒம் பேரச் சொன்னாத்தான் விக்குது."

அந்தப் பெண்ணைக் கெஞ்சி, திரும்பவும் ஊசிக்கு அழைத்துப் போனவரும் பேச்சியம்மாள்தான்.

நாளை பேச்சியம்மாளின் படத்திறப்பு. திறப்பவர் அந்தக் கடைக்காரர். பேருந்து நிலையத்தருகே அவர் வைத்திருக்கும் ஃபிளெக்ஸில் 'புற்றுநோயை வென்ற பேச்சியம்மாள்' என்று இருக்கிறது. கீழே கடையின் பெயர். கொதித்துப்போய்த் துறைத்தலைவரிடம் சொன்னேன். "செத்தவியளப் பெருமையாத்தான போட்டிருக்கு? விடுங்க டீச்சர்" என்றார்.

இது பெருமையா? 'இன்னும் மருந்தில்லை' என்று ஓயாமல் சொன்ன வாய் அது. அது மூடியதும் அதன் மேலேயே விளம்பரம் ஒட்டுகிறார்கள். ஃபிளெக்ஸைப் பார்த்து நாளைக்கு இன்னொருத்தி ஊசியை நிறுத்துவாள். கெஞ்சிக் கூட்டிப்போக இனி அவர் இல்லை.

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கடைசித் தட்டும் 'இன்னும் மருந்தில்லை' என்ற ஒரு வாக்கியமும். தட்டை மூடி ஒட்டிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறேன். நாளை பூப்போடும் வரிசையில் என் முறை வரும்போது பூவை எடுக்கமாட்டேன். அந்தக் கடைக்காரர் மேடையில் இருக்கும்போதே மைக்கை வாங்கி, தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வளையத்தைக் காட்டி, அந்த வாக்கியத்தைச் சொல்லப்போகிறேன். உங்களைத் தவிர இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.