மருமகளின் கணக்கை நான் அணைத்த நாள்

வெளியே கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் அணைப்பது என் பழக்கம். அன்று பிரதோஷம். கபாலி கோயிலுக்குப் போகும் அவசரத்தில் மருமகளின் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டேன்.

திரும்பி வந்தால், அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிப் பிள்ளைகளின் ரத்தசோகைக்கு ஒரு மாத்திரை பலன் தருமா என்று ஆராய்பவள் அவள். எத்தனை பள்ளிகளில் சோதிப்பது என்று மறுநாள் ஆபீஸ் கூட்டத்தில் சொல்லியாக வேண்டும். அதற்கான கணக்கு காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததாம்.

"ஆயிரம் தடவை போடணும் அத்தை, பாதியில நின்னுடுச்சு."

"நான்தான்மா அணைச்சேன். ஒரு தடவை போட்டா போதாதா?"

"நூத்தியெட்டு சுத்து சுத்துற நீங்களா கேக்கறீங்க?" சிரித்துவிட்டாள். "மாத்திரை வேலை செய்யுதுன்னே வச்சுக்கிட்டு, சோதனையை கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆயிரம் தடவை பொய்யா நடத்திப் பாக்கறேன். எத்தனை தடவை பலன் கண்ணுல படுதுன்னு தெரியணும். ஒரே ஸ்கூல் பசங்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருப்பாங்க. அதனால பசங்க நிறைய இருந்தும் ஸ்கூல் கம்மியானா, நல்ல மாத்திரையையே உதவாதுன்னு எழுதிடுவோம்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுநாள் கணக்கு முடிந்தது. நினைத்த பள்ளிகள் போதாதாம். "அதிகமா கேட்டு வாங்காம வரமாட்டேன்" என்று கிளம்பினாள்.

அவள் வேலை நல்லபடியாக முடியவேண்டும் என்றுதான் பிரதோஷத்தன்று கோயிலில் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அந்த வேலை என்னவென்று அவளிடம் அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை.