தந்தியில் எழுதாத சாவு

காஷ்மீர் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. டெல்லிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், லீவு கிடைத்தால் திருநெல்வேலிக்கு ரயில் ஏறுவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாத குடும்பம் எங்களுடையது. எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் நான் ஒற்றைக் காலில் நின்று, என் கணவரை ஒரு டூரிஸ்ட் கம்பெனியில் பணம் கட்ட வைத்தேன். நாங்கள் இருந்த மோதி பாக் குவார்ட்டர்ஸில் பாதிப் பேரிடம் ஸ்வெட்டர் இரவல் வாங்கிப் பெட்டியில் அடுக்கியும் ஆயிற்று. டிக்கெட்டோடு அவர் பேரில் ஒரு பயண இன்சூரன்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். நெருங்கிய உறவில் சாவு விழுந்து, அதனால் பயணம் நின்றுபோனால் கட்டிய பணம் திரும்ப வருமாம். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது இது என்ன பேச்சு என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் மத்தியானமே ஆபீசிலிருந்து வந்துவிட்டார். கையில் ஊரிலிருந்து என் தம்பி அடித்த தந்தி. அப்பாவுக்கு சீரியஸ், உடனே புறப்பட்டு வரவும். என் அப்பா அவருக்குத் தாய்மாமன். நான் கட்டிக்கொண்டது அத்தை மகனை. சின்ன வயதில் தகப்பனை இழந்தவரைப் படிக்க வைத்து ஆளாக்கியது என் அப்பாதான்.

இப்படி ஒரு தந்தி முன்பும் வந்திருக்கிறது. அடித்துப் பிடித்து ஓடிப்போய்ப் பார்த்தால், அப்பா நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் அதே கதைதான் என்று நினைத்தேன். காஷ்மீரைத் தள்ளிப்போட்டால் போதாதா, ஏன் ஒரேயடியாக ரத்து செய்ய வேண்டும் என்று அவரோடு மல்லுக்கு நின்றேன். அவர் நேரே டூரிஸ்ட் கம்பெனிக்குப் போய், ரத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தந்தி வந்த அன்று விடியற்காலையிலேயே அப்பா போய்விட்டார். கடைசியாக முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து டெல்லி திரும்பியதும் இன்சூரன்ஸுக்கு எழுதிப் போட்டோம். முடியாது என்று பதில் வந்தது. தந்தியில் சீரியஸ் என்றுதான் இருக்கிறது. நோய்க்குப் பாலிசி பொருந்தாது. சாவு உங்களுக்குத் தெரிந்தது ஊருக்குப் போன பிறகு. ஆகவே நீங்கள் பயணத்தை நிறுத்தியது சாவினால் அல்ல, சொந்த விருப்பத்தினால்.

சொந்த விருப்பம்! பணம் போனால் மயிராச்சு என்று விட்டிருப்பேன். அந்த வார்த்தையை விட முடியவில்லை. அப்பா செத்துக் கிடக்க, நாங்கள் இஷ்டத்துக்கா பயணத்தை நிறுத்தினோம்? அதை அவர்கள் வாபஸ் வாங்காமல் ஓயமாட்டேன் என்று உட்கார்ந்தேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்ததால் இங்கிலீஷில் கடிதம் எழுதுவதெல்லாம் என் வேலைதான். ஒன்றுக்கு மேல் ஒன்றாக எழுதினேன். அவரோ, "விட்டுத் தள்ளுளா, போனது போச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று அவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டேதான் எழுதினேன்.

கடைசியில் எங்கள் இருவரையும் நேரில் வரச் சொன்னார்கள். கனாட் பிளேஸில் மாடியில் ஆபீஸ். மேனேஜர் பஞ்சாபிக்காரர், நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, தந்தியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதில் சாவு என்று எங்கே இருக்கிறது, மேடம்?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பள்ளிக்கூட இந்தியில் பொரிந்து தள்ளினேன். "எங்கள் பக்கம் தந்தியில் சாவை எழுத மாட்டார்கள். இரண்டு ராத்திரி ரயிலில் வர வேண்டியவர்களிடம் யாராவது அதைச் சொல்வார்களா? அழுதுகொண்டே வந்து வழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? அதனால் சீரியஸ் என்றுதான் அடிப்பார்கள். அதையும் வீட்டு விலாசத்துக்கு அனுப்ப மாட்டார்கள், பெண்பிள்ளை கையில் கிடைத்துவிடும் என்று. வீட்டு ஆம்பிளையின் ஆபீசுக்குத்தான் அனுப்புவார்கள். இதோ பாருங்கள், இது ஆபீஸ் விலாசம். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், இது சாவுத் தந்தி என்று."

"அச்சா," என்றார் மேனேஜர். "அப்படியென்றால் இதைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்கு வரவில்லை. நான் சொன்னது அத்தனையும் சத்தியம், ஆனால் அதையெல்லாம் என் அப்பாவோடு சேர்த்துப் பார்த்தது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான். முன்பு வந்த தந்தி, அப்பா சீட்டாடிக்கொண்டிருந்தாரே அந்தத் தந்தி, வீட்டுக்கு வந்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இது அவர் ஆபீசுக்குப் போயிருக்கிறது. நான் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தேன்.

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும் சாப்," என்றார். "பிரிக்கும் முன்னாலேயே தெரியும். இவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை."

பாலிசி அவர் பேரில்தான், அவருக்குத் தெரிந்திருந்தால் போதும் என்று மேனேஜர் அதையே எழுதித் தரச் சொன்னார். அவர் எழுதினார். சில வாரம் கழித்துப் பணம் வந்தது, சொந்த விருப்பம் என்ற பேச்சு இல்லாத ஒரு கடிதமும் வந்தது. அதற்காகத்தான் அத்தனை குதி குதித்தேன். வந்தபோது அதை இரண்டாம் தடவை படிக்கக்கூடத் தோன்றவில்லை.

அன்றைக்குப் படியிறங்கி, கடைகளின் முன்னால் இருக்கும் தூண் வராந்தாவுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம்.

"உங்க ஆபீஸ் முழுக்கத் தெரிஞ்சிருக்கும். பெத்த மகளுக்குத் தெரியக் கூடாதா அத்தான்?"

"சொல்லணும்னுதாம்ளா வீட்டுக்கு வந்தேன்," என்றார். "நான் வாயைத் திறக்கதுக்குள்ள, போன தடவை மாதிரிதான் இருக்கும், நீங்க பயப்படாதீங்க அத்தான்னு நீ எனக்குத் தைரியம் சொன்னே. அதுக்கு மேல எப்படிச் சொல்ல?"

ஊருக்குப் போன அந்த ரயில் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வழியெல்லாம் அப்பாவைக் கேலி செய்து கதை சொல்லிக்கொண்டு போனேன். நாக்பூரில் வண்டி நின்றதும், அப்பாவுக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வாங்க என்று அவரை இறக்கிவிட்டேன். புளிச்சா தொடமாட்டார், நல்லதாப் பாத்து எடுங்க என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். அவர் கூடைக்காரி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு பழமாக எடுத்து முகர்ந்து பார்த்து, வண்டி ஊதும்வரை பொறுக்கினார்.

"தெரிஞ்சிருந்தும் அந்த ஆரஞ்சை என்னத்துக்கு அப்படிப் பாத்துப் பாத்து எடுத்தீங்க?"

"மாமாவுக்குன்னு சொன்னியேளா," என்றார். குரல் உடைந்துவிட்டது.

ஊரில் எல்லோரும் என்னிடமும் தம்பியிடமும்தான் துக்கம் கேட்டார்கள். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போகிற வருகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று, அந்த வராந்தாவில் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதேன்.